மதியமானால் லெசிதின் ஏன் ஒட்டுகிறது?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு எம்.ஃபார்ம் மாணவி கேட்கிறார்: “மருந்தைச் சுமக்கும் நுண்துகள்களுக்காக, சோயாவிலிருந்து எடுக்கும் கொழுப்புப் பொருளான லெசிதினை எத்தனாலில் கரைத்து, 40 டிகிரி, 100 பார் அழுத்தத்தில் சூப்பர்கிரிட்டிகலாக, அதாவது வாயுவுக்கும் திரவத்துக்கும் இடைப்பட்ட நிலையில், இருக்கும் கார்பன் டை ஆக்சைடுக்குள் பீய்ச்சுகிறோம். எத்தனாலை அது இழுத்துக்கொள்ள, லெசிதின் தூளாகப் பிரிய வேண்டும். காலையில் தூள் கிடைக்கிறது. மதியம் ஓட்டினால் மெழுகு போலச் சுவரில் அப்பிக்கொள்கிறது. லெசிதின் சரியில்லையா?”

லெசிதினை அப்புறம் பார்ப்போம். முதலில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எங்கே நிற்கிறது? கார்பன் டை ஆக்சைடின் மாறுநிலை வெப்பநிலை, அதாவது அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாத வெப்பநிலை, 31.1 டிகிரிதான். உங்கள் ஊர்ப் பங்குனி வெயிலில் சிலிண்டருக்குள்ளேயே அது திரவமாக இராது. அதைக் கலத்துக்குத் தள்ளும் பம்புக்கோ திரவம் வேண்டும். அடர்த்தி குறைந்த வாயுவை அது எத்தனை முறை தள்ளினாலும் போய்ச் சேரும் எடை குறைவு. திரையில் மில்லிலிட்டர் மட்டும் மாறாமல் நின்று உங்களை ஏமாற்றும். கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் நீங்கள் பீய்ச்சும் கலத்தில் எத்தனாலின் பங்கு ஏறும்; லெசிதினின் முக்கியப் பொருளான பாஸ்போலிப்பிட் முழுதாகப் பிரியாமல் ஈரப்பிசினாக நிற்கும். பம்பின் தலையையும் அதற்கு வரும் குழாயையும் 5 டிகிரிக்குக் கீழே குளிர்வியுங்கள். ஓட்டத்தைக் கிராம் கணக்கில் அளந்து பாருங்கள். கொச்சிப் பக்கம் இதே வாயுவால் மிளகுச் சாறு எடுக்கும் ஆலைகளில் வேலை பார்த்த சில்லர் (குளிர்விப்பு எந்திரம்) மெக்கானிக் யாராவது கிடைத்தால் விடாதீர்கள்.

பீய்ச்சி முடித்ததும் அழுத்தத்தை உடனே இறக்குகிறீர்களா? கூடாது. இறங்கும்போது மிச்ச எத்தனால் திரவமாகப் பிரிந்து, வந்த தூளையே மறுபடி கரைத்துவிடும். அதே 100 பாரில் வெறும் கார்பன் டை ஆக்சைடை நெடுநேரம் ஓடவிட்டு எத்தனாலைக் கழுவி வெளியேற்றிய பிறகு மெல்ல இறக்குங்கள்.

சரி, லெசிதின். கச்சா லெசிதினில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அதைத் தொடவே வேண்டாம். எண்ணெய் நீக்கிய லெசிதினும் 40 டிகிரியில் இளகித்தான் இருக்கும், காலைத் தூள்கூடப் பாட்டிலில் கட்டிதட்டலாம். ஹைட்ரஜனேற்றிய லெசிதின் நல்ல தூளாக வரும், ஆனால் எத்தனாலைச் சற்றுச் சூடாக்கினால்தான் கரையும். எந்த லெசிதினும் ஈரத்தை உறிஞ்சும் சரக்குதான். எத்தனால் நீரற்றதாக இருக்கட்டும், கலத்தை மழைநாளில் சும்மா திறந்து வைக்காதீர்கள்.

சிலிண்டரைச் சின்ன ஏசி அறைக்குள் மாற்றத் தோன்றும். மாற்றினால், கார்பன் டை ஆக்சைடு அலாரத்தைத் தரையோரம் மாட்டுங்கள். காற்றைவிடக் கனமான அந்த வாயு கசிந்தால் கீழேதான் தேங்கும்.