அந்தக் காகிதத்தை எழுதியது யார்? யூதக் குடும்பத் தேடல் பற்றிய கேள்வி பதில்

யூதக் குடும்பங்களின் வேர்களைத் தேடுவது பற்றியும், நாஜி இனப்படுகொலையில் மறைந்தவர்களைக் கண்டறிவது பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

என் கணவரின் பாட்டி 1921-இல் நியூயார்க்கில் வந்து இறங்கியவர். ஊர் "லெம்பெர்க் பக்கம்" என்று மட்டும் சொல்வாராம். தம்பி தங்கைகள் அங்கேயே இருந்துவிட்டார்கள். போர்க்காலத்தில் கடிதம் நின்றுபோனது. எங்கே தொடங்குவது அக்கா?

லெம்பெர்க்கில் தொடங்காதீர்கள், நியூயார்க்கில் தொடங்குங்கள். குடும்பப் பெயரும் ஊரும் சரியாகத் தெரியாமல் ஐரோப்பியக் காப்பகங்களுக்குள் நுழைந்தால், அதே பெயரில் நூறு பேர் வந்து நிற்பார்கள்.

முதலில் கப்பல் பயணிகள் பட்டியலை எடுங்கள். 1907-க்குப் பிந்தைய படிவங்களில், புறப்பட்ட நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரையும் முகவரியையும் கேட்டிருப்பார்கள். பாட்டி தன் அப்பா பெயரையோ அண்ணன் பெயரையோ சொல்லியிருப்பார். உங்களுக்கு வேண்டியது அந்த ஒரு கட்டம்தான். பட்டியல் இரண்டு பக்கம் நீளும். பலர் முதல் பக்கத்தில் பாட்டியின் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்புவதே இல்லை.

அடுத்தது குடியுரிமை மனு. 1906-இல் அமெரிக்கா இந்தப் படிவங்களை ஒழுங்குபடுத்தியது. அதன்பின் பிறந்த ஊரும் தேதியும் அதில் இருக்கும். 1922 வரை மனைவிக்குக் குடியுரிமை கணவர் வழியாகவே வந்தது என்பதால், தாத்தாவின் மனுவையும் பாருங்கள்.

இவ்வளவும் கையில் வந்த பிறகு லெம்பெர்க். 1918 வரை அது ஆஸ்திரியப் பேரரசின் கலீசியா மாகாணத் தலைநகரம், பிறகு போலந்தின் லுவூஃப், இப்போது உக்ரைனின் லிவிவ். பதிவேடுகளில் ஒரு பகுதி லிவிவில் இருக்கிறது, ஒரு பகுதி வார்சாவில். இரண்டுக்கும் தன்னார்வலர்கள் அகரவரிசை தயாரித்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். 'ஜேஆர்ஐ போலந்து', 'கெஷெர் கலீசியா' என்று தேடுங்கள்.

கலீசியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரபி (யூத மதகுரு) முன்னால் மட்டும் நடந்த திருமணத்தை அரசு ஏற்கவில்லை. தனியாகப் பதிவு செய்துகொள்ளாத தம்பதியின் பிள்ளைகளைத் தாயின் குடும்பப் பெயரில்தான் எழுதினார்கள். அதனால் ஒரே வீட்டில் அக்காவுக்கு அம்மா வழிப் பெயரும் தம்பிக்கு அப்பா வழிப் பெயரும் இருக்கலாம். 'முறையற்ற பிறப்பு' என்று பதிவேட்டில் பார்த்து மனம் கலங்க வேண்டாம். அதை எழுதியவர் பதிவேடு நிரப்பும் ஒரு குமாஸ்தா, அவருக்கு வேண்டியது ஒரு கட்டத்தை நிரப்புவது. எந்தக் காகிதம் கையில் வந்தாலும், இதை எழுதியது யார், எதற்காக என்று முதலில் கேட்டுப் பழகுங்கள்.

நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவு அதிகாரிகள்தான் எங்கள் குடும்பப் பெயரை மாற்றினார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

இல்லை. பட்டியலைக் கப்பல் கம்பெனி ஆட்கள் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதிவிடுவார்கள். தீவிலிருந்த அதிகாரி அதைச் சரிபார்த்தார், அவ்வளவுதான். பெரும்பாலோர் பெயரைப் பிற்பாடு தாங்களாகவே மாற்றிக்கொண்டார்கள். வீட்டுக் கதையை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பது தெரியும். பழைய பெயரில் தேடுங்கள், போதும்.

1780-க்கு முன்னால் குடும்பப் பெயரே கிடைக்கவில்லை. பதிவேடு தொலைந்துவிட்டதா?

தொலையவில்லை, பெயரே கிடையாது. நம் இனிஷியல் மாதிரி, 'இன்னாரின் மகன் இன்னார்' என்றுதான் மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களில் மிகப் பலர் இருந்தார்கள். வரி வாங்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் அரசுகளுக்கு நிலையான பெயர் தேவைப்பட்டது. ஆஸ்திரியா 1787-இலும், ரஷ்யா 1804-இலும், நெப்போலியனின் பிரான்ஸ் 1808-இலும் அதைக் கட்டாயமாக்கின. அதற்கு முன்னால் போக வேண்டுமானால், பெயர்கள் திரும்பி வரும் வரிசையைப் பிடியுங்கள். அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத) குடும்பங்களில் இறந்துபோன உறவினரின் பெயரைத்தான் குழந்தைக்கு வைப்பார்கள். 1842-இல் ஒரு பேரனுக்குத் தாத்தா பெயர் வந்தால், தாத்தா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாம் கைதிகள் பட்டியலில் என் தோழியின் கொள்ளுத் தாத்தா பெயர் இல்லை. அப்படியானால் அவர் அங்கே போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆஷ்விட்ஸுக்குச் சுமார் 13 லட்சம் பேர் கொண்டுவரப்பட்டார்கள், அவர்களில் சுமார் 11 லட்சம் பேர் யூதர்கள். எண் கொடுத்துப் பதிவு செய்யப்பட்டவர்கள் ஏறக்குறைய 4 லட்சம் பேர்தான். ரயிலிலிருந்து இறங்கியதும் வேலைக்கு ஆகாதவர் என்று ஒதுக்கப்பட்ட முதியவர்கள், குழந்தைகள், குழந்தையோடு வந்த தாய்மார்கள் எல்லோரும் நேராக விஷவாயு அறைக்குப் போனார்கள். முகாமில் அவர்கள் பெயரை யாருமே எழுதவில்லை. பதிவானவர்களின் ஏடுகளிலும் பெரும்பகுதியை நாஜிகள் பின்வாங்கும்போது எரித்துவிட்டார்கள்.

ட்ரெப்ளிங்கா, சோபிபோர், பெல்ஸெக் மூன்றும் கொல்வதற்கென்றே கட்டப்பட்டவை. அங்கே கைதிப் பட்டியலைத் தேடுவதே வீண். கிழக்கே சுட்டுக் கொன்ற இடங்களிலும் அப்படித்தான். கீவ் நகரின் பாபி யாரில் 1941 செப்டம்பர் 29, 30 தேதிகளில் கொல்லப்பட்டவர்கள் 33,771 பேர் என்று கொலைப்படையே மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது. அதில் எண்ணிக்கை மட்டும் இருக்கிறது, ஒரு பெயர்கூட இல்லை.

மேற்கு ஐரோப்பா வேறு கதை. நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க், பிரான்ஸின் ட்ரான்ஸி போன்ற இடைமுகாம்களிலிருந்து ரயில் கிளம்பும்போது பெயர், பிறந்த தேதி எல்லாம் தட்டச்சு செய்தார்கள். அந்தப் பட்டியல்கள் பெருமளவு தப்பின. செக் நாட்டின் தெரேசியன்ஷ்டாட் கெட்டோவில் (யூதர்களை அடைத்து வைத்த பகுதி) இறந்தவர்களுக்கு மருத்துவர் கையெழுத்துடன் இறப்புப் படிவமே உண்டு, பல இணையத்தில் இருக்கின்றன. ஆகவே உங்கள் தோழியிடம் முதலில் கேட்க வேண்டியது, அவர் எந்த ஊரிலிருந்து ஏற்றப்பட்டார் என்பது. போய்ச் சேர்ந்த இடத்தில் காகிதம் இல்லாவிட்டாலும், கிளம்பிய இடத்தில் இருக்கலாம்.

முதல் கேள்வி கேட்ட சகோதரிக்கும் ஒரு வார்த்தை. லெம்பெர்க் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் பெல்ஸெக்கிலும், அந்த நகரத்திலேயே இருந்த யானோவ்ஸ்கா முகாமிலும் கொல்லப்பட்டார்கள். பாட்டியின் தம்பி தங்கைகளுக்கு மரணச் சான்று என்று ஒன்று கிடைக்காமலே போகலாம். அதற்குத் தயாராக இருங்கள்.

பட்டியலே இல்லை என்கிறீர்கள். அப்புறம் கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம் என்ற கணக்கு எப்படி வந்தது?

இதைக் குதர்க்கமாகக் கேட்பவர்களும் உண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் பதில் ஒன்றுதான்: போருக்கு முந்தைய, பிந்தைய மக்கள்தொகைக் கணக்கு, ரயில் பட்டியல்கள், பிறகு கொன்றவர்களே எழுதிய கணக்கு. 1943 ஜனவரியில் ஹெர்மன் ஹோஃப்லே என்ற எஸ்எஸ் (நாஜிப் படை) அதிகாரி அனுப்பிய தந்தியைப் பிரிட்டிஷ்காரர்கள் இடைமறித்தார்கள். பெல்ஸெக், சோபிபோர், ட்ரெப்ளிங்கா, மைடானெக் நான்குக்கும் 1942 இறுதி வரை 'வந்து சேர்ந்தவர்கள்' 12,74,166 பேர் என்று அதில் இருக்கிறது. பெல்ஸெக்குக்கு மட்டும் 4,34,508. அந்தத் தாள் பிரிட்டிஷ் காப்பகத்தில் பல பத்தாண்டு கவனிக்கப்படாமல் கிடந்தது. அதன் பொருள் புரிந்தது 2000-இல்தான். மேலிடத்துக்கு வேலை முடிந்த கணக்கை ஒப்பித்த காகிதம் அது. அதில் மிகைப்படுத்த அவருக்கு என்ன அவசியம்?

யாட் வஷெம் தளத்தில் ஒரே ஆளுக்கு மூன்று பதிவுகள், மூன்று விதமான பிறந்த ஆண்டு. எதை நம்புவது?

மூன்றையும் திறந்து, கீழே யார் எழுதிக் கொடுத்தது என்று பாருங்கள்.

ஜெருசலேமில் இருக்கும் இனப்படுகொலை நினைவு மையமான யாட் வஷெம் 1950-களிலிருந்து 'சாட்சியப் பக்கங்கள்' என்று ஒரு படிவம் வாங்கி வருகிறது. இறந்தவரின் பெயர், பெற்றோர், ஊர், தொழில், கடைசியாக இருந்த இடம் ஆகியவற்றை அவரைத் தெரிந்தவர் ஒருவர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். தங்கை எழுதியிருந்தால் பெற்றோர் பெயர் சரியாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் எழுதியிருந்தால் தொழிலும் தெருவும் சரியாக இருக்கும், வயது உத்தேசம். அரை நூற்றாண்டு கழித்துப் பேரன் எழுதியது என்றால் எல்லாமே கேள்விப்பட்டது.

அந்தக் கையெழுத்துத்தான் உங்களுக்குப் பெரிய துப்பு. 1956-இல் ஹைஃபாவிலிருந்து ஒருவர் "என் அண்ணன்" என்று எழுதியிருக்கிறார் என்றால், அவர் தப்பிப் பிழைத்திருக்கிறார், அவருக்குப் பிள்ளைகள் இருக்கலாம். இறந்தவரைத் தேடப் போய் உயிரோடு இருக்கும் ஒன்றுவிட்ட உறவினரைக் கண்டுபிடித்த குடும்பங்கள் நிறைய உண்டு. உங்கள் ஆளுக்குப் பக்கமே இல்லை என்றால் நீங்களே எழுதி அனுப்பலாம். அங்கே திரட்டப்பட்ட பெயர்கள் 2025-இல் 50 லட்சத்தை எட்டின. மிச்சம் இருப்பவர்களில் குழந்தைகளும், ஒட்டுமொத்தமாக அழிந்த கிராமங்களும் அதிகம். எழுத ஆளே இல்லாமல் போன வீடுகள் அவை.

பெர்லினில் வாடகைக்கு இருக்கிறேன். வாசல் நடைபாதையில் ஒரு பித்தளைக் கல்: ஒரு பெண்மணியின் பெயர், நடுவில் 'சாரா', 1942, ரீகா. அவரைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள முடியுமா? கல்லைத் துடைக்கலாமா?

தாராளமாகத் துடையுங்கள். நினைவு நாட்களான நவம்பர் 9, ஜனவரி 27 தேதிகளில் அக்கம்பக்கத்தவர் மண்டியிட்டுத் துடைப்பதைப் பார்ப்பீர்கள். நாஜிகளுக்குப் பலியானவர்கள் வாழ்ந்த வீட்டு வாசலில் இப்படிப் பெயர்க்கல் பதிப்பது கலைஞர் குந்தர் டெம்னிக் 1992-இல் தொடங்கிய வேலை, 2023-இல் 1 லட்சம் கற்களைத் தாண்டியது. எல்லோருக்கும் இது பிடித்ததில்லை. பெயர்களைக் காலில் மிதிபட விடுவதா என்று மியூனிக் யூத சமூகத் தலைவி எதிர்த்தார். அந்த நகரம் பொது நடைபாதையில் அனுமதிக்கவில்லை, சுவரிலும் கம்பத்திலும் பலகை வைக்கிறது. எனக்கு இரண்டுமே நியாயமாகத்தான் படுகிறது.

'சாரா' அவருடைய சொந்தப் பெயராக இல்லாமல் இருக்கலாம். 1939 ஜனவரி 1 முதல், நாஜி அரசின் பட்டியலில் இல்லாத பெயர் கொண்ட யூதப் பெண்கள் எல்லோரும் 'சாரா' என்றும், ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். தேடும்போது அதை எடுத்துவிட்டும் தேடிப் பாருங்கள்.

பிறகு ஜெர்மன் கூட்டரசுக் காப்பகத்தின் நினைவுநூல். வசித்த ஊரும் அனுப்பப்பட்ட தேதியும் அதில் கிடைக்கும். 1939 மே 17 கணக்கெடுப்பில், நான்கு தாத்தா பாட்டிகளில் யார் யார் யூதர் என்று வீட்டுக்கு வீடு தனி அட்டையில் கேட்டார்கள். அவையும் பெருமளவு தப்பியிருக்கின்றன. எல்லாவற்றையும் விட, போட்ஸ்டாம் நகரத்து மாநிலக் காப்பகத்தில் பெர்லின் வரித்துறைக் கோப்புகளைக் கேளுங்கள். ரயிலேற்றுமுன் ஒவ்வொருவரிடமும் 16 பக்கச் சொத்துப் படிவம் எழுதி வாங்கினார்கள்: எத்தனை நாற்காலி, எத்தனை தலையணை உறை, எத்தனை கரண்டி. கொள்ளையடிப்பதற்காக வாங்கிய படிவம். ஆனால் அந்தப் பெண்மணியின் கையெழுத்து இன்றைக்கு வேறெங்கும் இல்லாமல் அதில் மட்டும் இருக்கலாம்.

கல்லறைக் கல்லில் ஹீப்ரு மட்டும் இருக்கிறது. படிக்க வழி?

தெளிவாகப் படம் எடுங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில். விரல்கள் பிரிந்த இரண்டு கைகள் செதுக்கியிருந்தால் இறந்தவர் கோஹென் என்ற பூசாரி மரபு. தண்ணீர்க் கூஜா என்றால் லேவியர், பூசாரிகளுக்குத் துணையாகக் கோயில் பணி செய்த மரபு. பெயருக்குப் பக்கத்தில் தந்தை பெயர் இருக்கும், ஒரு தலைமுறை இலவசமாகக் கிடைக்கும். ஆண்டை எழுத்துகளிலேயே எழுதுவார்கள், ஒவ்வொரு ஹீப்ரு எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. ஆயிரத்தை விட்டுவிடுவது வழக்கம். கூட்டி வரும் எண்ணோடு 1240 சேருங்கள்: 685 என்றால் 1925. யூத ஆண்டு செப்டம்பர் வாக்கில் பிறப்பதால், ஆண்டின் முதல் மாதங்கள் என்றால் 1924.

மரபணுச் சோதனையில் ஆயிரக்கணக்கான உறவினர் வருகிறார்களே?

வருவார்கள். அஷ்கெனாசி யூதர்கள் சிறிய கூட்டம், நூற்றாண்டுகளாக உள்ளேயே மணம். எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். பொருந்தும் மரபணுவின் மொத்த அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஒரே துண்டாக நீளமாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

என் மாமியாருக்கு 94 வயது, முகாமிலிருந்து தப்பியவர். அவர் சொல்லும் பிறந்த ஆண்டும் 1946 அகதி அட்டையில் இருப்பதும் வேறு வேறு. கேட்டால் பேச்சை நிறுத்திவிடுகிறார்.

அட்டைதான் சரி என்று எண்ண வேண்டாம். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பிழைப்பதற்காகப் பதினாறு என்று சொன்னார்கள், அந்த வயது பிறகும் ஒட்டிக்கொண்டது. சோவியத் பகுதிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து பிறந்த ஊரை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. அட்டையைக் காட்டி அவரைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். முகாமைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு என்ன சமைப்பார்கள், மேல்மாடியில் யார் குடியிருந்தார்கள், பள்ளிக்கு எந்தத் தெரு வழியாகப் போவார் என்று கேளுங்கள். பெயர்கள் தானாக வரும். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்திவிடுங்கள்.

இறந்த தேதி தெரியாதவருக்கு எந்த நாளில் விளக்கேற்றுவது? ஜனவரி 27 பொதுவானதா?

ஜனவரி 27, 1945-இல் சோவியத் செஞ்சேனை ஆஷ்விட்ஸை விடுவித்த நாள், ஐ.நா. 2005-இல் அதை நினைவு நாளாக அறிவித்தது. இஸ்ரேலில் யூத நாட்காட்டியின் நிசான் மாதம் 27-ஆம் நாள், வசந்த காலத்தில் வரும். காலை பத்து மணிக்குச் சங்கொலி, நெடுஞ்சாலையில் கார்கள்கூட நிற்கும். ஆனால் நீங்கள் கேட்பது குடும்பத் திதி. அதற்கென்றே இஸ்ரேலின் தலைமை ரபிகள் டெவெத் மாதம் பத்தாம் நாளை ஒதுக்கியிருக்கிறார்கள், டிசம்பர் அல்லது ஜனவரியில் வரும். அன்று கதீஷ் (இறந்தவருக்கான பிரார்த்தனை) சொல்லி, ஒரு முழுநாள் எரியும் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ரயில் கிளம்பிய தேதியை வைத்துக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு. யாரும் தவறென்று சொல்ல மாட்டார்கள்.

நாஜிகளுக்குப் பலியானவர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ஜெர்மனியின் ஆரோல்சன் காப்பகத்துக்கு எழுத ஜெர்மன் தெரிய வேண்டுமா? செலவு எவ்வளவு?

ஆங்கிலத்திலேயே எழுதலாம், செலவு இல்லை. அவர்கள் கையில் சுமார் 1 கோடியே 75 லட்சம் பேரைப் பற்றிய தகவல் இருக்கிறது. பெரும்பகுதி இணையத்திலேயே பார்க்கலாம், 2007 வரை ஆய்வாளர்களுக்கே திறக்காத இடம். பதில் வரச் சில மாதம் ஆகும். கைதிகளிடம் பறித்த கடிகாரம், மோதிரம், புகைப்படம் அடங்கிய உறைகளும் அங்கே இருக்கின்றன. ஆனால் அவற்றில் யூதர்களுடையவை மிகக் குறைவு, அவர்களுடைய பொருளை நாஜிகள் எடுத்துக்கொண்டார்கள். மனுவில் பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும், பிறந்த தேதியையும், ஊரின் அன்றைய பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மின்னஞ்சல் முகவரியைச் சரியாகக் கொடுங்கள்.