ஆரஞ்சு உடையில் காட்டுத்தீ அணைப்பவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸைச் சுற்றிப் பாலிசேட்ஸ் தீயும் ஈட்டன் தீயும் எரிந்தபோது, அணைக்கும் வேலையில் 1,100-க்கும் மேற்பட்ட சிறைவாசிகள் இருந்தார்கள். ஆரஞ்சு உடை அணிந்த இவர்களைப் பயிற்றுவித்துத் தீயணைக்க அனுப்பும் கலிஃபோர்னியாவின் சிறை முகாம்கள் குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சிறைவாசிகளிடம் தண்ணீர்க் குழாயைக் கொடுத்துவிடுவார்களா? அவர்கள் வேலைதான் என்ன? – கம்பம் வாசகர்

பெரும்பாலும் தண்ணீரே இல்லாத வேலை. வண்டி ஏற முடியாத சரிவில் நடந்தே போய், தீக்கு முன்னால் செடி, சருகு, வேர் எல்லாவற்றையும் அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதுதான் இவர்கள் பங்கு. நம் வனத்துறை கோடைக்கு முன்பே வெட்டி வைக்கும் அதே கோடுதான். அங்கே தீ எரிந்துகொண்டிருக்கும்போதே வெட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு குழுவில் 12 முதல் 17 பேர். மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயரின் கேப்டன் ஒருவர் நடத்துவார். ஆட்கள் வரிசையாகவே நகர்வார்கள். முதலில் செயின்சா என்னும் சங்கிலி ரம்பம் பிடித்தவர் புதரை அறுப்பார். அடுத்தவர் அறுத்ததை இழுத்து, தீ இல்லாத பக்கம் வீசுவார். தீப் பக்கம் வீசினால் அதற்கே விறகு போட்டதாகிவிடும். பின்னால் வருபவர்கள் கையில் புலாஸ்கி: ஒரு பக்கம் கோடாரி, மறுபக்கம் களைக்கொத்து. வேரை வெட்டிப் பெயர்ப்பது அதுதான். அதற்கும் பின்னால் மெக்லியோட். 1905-இல் வனக்காவலர் மால்கம் மெக்லியோட் உருவாக்கிய கருவி இது. நீளமான காம்பின் நுனியில் அகன்ற இரும்புத் தகடு. அதன் ஒரு விளிம்பில் ஆறு தடித்த பற்கள், மறு விளிம்பு மண்வெட்டி போலக் கூர்மை. பற்களால் சருகை வாரி, திருப்பிப் பிடித்து மக்கிய மண்ணைச் சுரண்டுவார்கள். கடைசி ஆள் மண்வாரியோடு வந்து, விட்டுப்போனதைச் சரிசெய்வார்.

ஆளுக்கு ஆள் 10 அடி இடைவெளி கட்டாயம். களைப்பு ஏற ஏற இந்த இடைவெளி சுருங்கும். முன்னால் போகிறவர் ஓங்கிய கருவி பின்னால் வருபவரைத் தாக்குவது அப்போதுதான்.

கோடு வெட்டிய பிறகும் தீ தாண்டிவிடுகிறதே, ஏன்? – போடி வாசகர்

அகலம் போதாதது ஒரு காரணம். செடியின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலம் என்பது பொதுக் கணக்கு. 6 அடிப் புதருக்கு 9 அடி. காற்று பலமானால் இந்தக் கணக்கும் நிற்காது, கங்கு பறந்து எங்கோ போய் விழும்.

பலர் கவனிக்காதது வேர். மேலே சுத்தமாகத் தெரியும்; அடியில் ஒரே ஒரு வேர் கோட்டைக் கடந்து கிடந்தாலும் அதன் வழியே நெருப்பு மெல்லக் கனன்று மறுபக்கம் தலைகாட்டும். அதனால்தான் வெறும் மண் தெரியும்வரை சுரண்டச் சொல்கிறார்கள். சரிவில் இன்னொரு தொல்லை: எரியும் பைன் காயும் கட்டையும் உருண்டு வரும். தீக்குக் கீழே வெட்டும் கோட்டை வெறுமனே சுரண்டாமல், உருண்டு வருவதைப் பிடிக்கும் பள்ளமாக வெட்டி, கீழ்ப்பக்கம் மண்கரை எழுப்ப வேண்டும்.

தீ அடங்கிய பிறகுதான் பொறுமை தேவைப்படும். கையுறையைக் கழற்றிப் புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார்கள். கங்கு தெரிந்தால் அதை மண்ணால் மூடிவிட்டுப் போகக் கூடாது. மூடிய கங்கு பல நாள் உயிரோடு இருந்து, காற்று அடித்ததும் எழும். கிளறி, பிரித்து, ஆறவைக்க வேண்டும்.

யார் வேண்டுமானாலும் சேரலாமா? கட்டாயப்படுத்துவது உண்டா? – தஞ்சாவூர் வாசகர்

விருப்பம் தெரிவித்தவர்களை மட்டுமே எடுக்கிறார்கள். குறைந்தபட்சக் காவல் போதும் என்ற வகைப்பாடும் உடல்தகுதியும் வேண்டும். மீதித் தண்டனை 8 ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. தீவைப்பு, பாலியல் குற்றம், தப்பியோடிய வரலாறு இருந்தால் இடமில்லை. வகுப்பில் 4 நாள், களத்தில் 4 நாள் பயிற்சி. பிறகு முகாமில் தொடர் பயிற்சி. முதல் நிரந்தர முகாமான ரெயின்போ 1946-இல் தொடங்கியது; 1983-இல் அது பெண்கள் முகாமானது.

ஆனால் 'விருப்பம்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டும். தண்டனையாகக் கட்டாய வேலை வாங்கக் கலிஃபோர்னியாவின் அரசியல் சாசனம் இன்றும் இடம் தருகிறது. அதை நீக்கும் முன்மொழிவு 2024 நவம்பர் வாக்கெடுப்பில் தோற்றது. மதிலுக்குள் கிடப்பதா, வெளிக்காற்றில் உழைப்பதா என்பதே ஒருவர் முன்னிருக்கும் தேர்வு என்றால், அதை முழுச் சுதந்திரம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

கூலி எவ்வளவு? – ஈரோடு வாசகர்

அடிப்படை நாள்கூலி 5.80 முதல் 10.24 டாலர். 2025 வரை, எரியும் தீ போன்ற அவசரகாலப் பணியில் மணிக்கு 1 டாலர் மட்டுமே கூடுதல். 24 மணி நேர முறைப்பணிக்குக் கணக்கிட்டால் குறைந்தது 30 டாலரை ஒட்டி வந்தது. 2025 அக்டோபரில் கையெழுத்தான சட்டம், எரியும் தீயில் பணியாற்றும் நேரத்துக்கு மணிக்கு 7.25 டாலர் என்று உயர்த்தியது. பக்கத்தில் நின்று அதே சரிவை வெட்டும் மற்ற வீரரின் ஊதியத்துக்கு இதுவும் எட்டாது. 2016 பிப்ரவரியில் மலிபூ மலையில், மேலிருந்து உருண்ட பாறை தாக்கி 22 வயதுப் பெண் சிறைவாசி ஒருவர் இறந்தார். பாறை யாருடைய கூலியையும் பார்த்து உருளுவதில்லை. இந்த ஊதியம் நியாயமல்ல என்பதே எங்கள் கருத்து.

தண்டனைக் காலமும் குறையும்: தீயணைப்புக் குழுவில் ஒரு நாள் பணிக்கு 2 நாள், முகாம் சமையல் போன்ற துணைப்பணிக்கு ஒரு நாள்.

தீ இல்லாத மாதங்களில்? – சான் ஹோசே வாசகர்

ஓடைகளைத் தூர்வாருவார்கள், பூங்காப் பாதைகளைச் சீர்செய்வார்கள், சாலையோரப் புதரை வெட்டுவார்கள். மரங்களின் தாழ்கிளைகளைக் கழிப்பது முக்கியமான வேலை. தரைத்தீ கிளை பிடித்து உச்சிக்கு ஏறாமல் இருக்க அதுவே வழி. வெட்டியதைக் குவித்து மேலே காகிதம் போர்த்தி, மழைக்குப் பிறகு கொளுத்துவார்கள். நடுவில் காய்ந்த பகுதி இருந்தால்தான் குவியல் பற்றும். மண் கலந்து குவித்தால் புகைந்துகொண்டே கிடக்கும். மரத்தடியில் குவித்தால் மேல்கிளை கருகும்.

வெள்ளக் காலத்தில் மணல் மூட்டை. பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். முட்ட நிரப்பிய மூட்டை ஒன்றோடொன்று படியாது. இடுக்கில் தண்ணீர் நுழையும். செங்கல் வரிசை போல இணைப்பு மாற்றி அடுக்கி, மிதித்துப் படியவைப்பார்கள்.

விடுதலைக்குப் பிறகு தீயணைப்பு வேலை கிடைக்குமா? – கோவை வாசகர்

நெடுங்காலம் இதுதான் பெரிய முட்டுக்கட்டை. நகர, மாவட்டத் தீயணைப்புத் துறைகள் பல, அவசர மருத்துவ உதவியாளர் உரிமம் கேட்கும். கடுங்குற்றத் தண்டனை பெற்றவருக்கு அந்த உரிமம் கிடைப்பது அரிது. 2020-இல் கையெழுத்தான ஏபி 2147 என்ற கலிஃபோர்னியா மாநிலச் சட்டம், முகாமில் நல்லபடியாகப் பணிமுடித்தவர் குற்றப்பதிவை நீக்கக் கோரி நீதிமன்றத்தில் மனுச் செய்ய வழிவிட்டது. தானாக நீங்காது, நீதிபதி ஏற்க வேண்டும், கொலை, கடத்தல் போன்ற குற்றங்களுக்குப் பொருந்தாது. கால் ஃபயரின் பருவகாலப் பணிக்கு அந்த உரிமம் தேவையில்லை என்பதால் பலர் அங்கிருந்து தொடங்குகிறார்கள். பரோலில் வந்தவர்களுக்கு 2018-இல் கமரியோவில் தொடங்கிய வென்டுரா பயிற்சி மையத்தில் 18 மாதப் பயிற்சியும் உண்டு. மனுவுக்கு முகாம் பணிச் சான்று அடிப்படை. அதை விடுதலைக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.