காதைத் தீட்டிக்கொண்டு பாருங்கள்

கேள்வி: நீங்கள் புகழ்ந்தீர்களே என்று 1974இல் வந்த 'தி கான்வர்சேஷன்' பார்த்தேன். ஒரு ஆள் டேப்பைப் போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். செல்போனே வேவு பார்க்கும் இந்தக் காலத்தில் அப்படி என்ன இருக்கிறது அதில்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அவர் வீட்டுக் கதவில் எத்தனை பூட்டு என்று கவனித்தீர்களா? ஹாரி கால் (ஜீன் ஹேக்மன்) ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்டுச் சம்பாதிப்பவர், தொழிலில் கில்லாடி. அத்தனை பூட்டையும் தாண்டி, வீட்டை வாடகைக்கு விட்ட அம்மா ஹாரியின் பிறந்தநாளுக்கு ஒரு ஒயின் பாட்டிலை உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மனிதர் உடனே போனைப் போட்டு, சாவி என்னிடம் மட்டும்தானே இருக்கிறது, நீங்கள் எப்படி உள்ளே வந்தீர்கள் என்று விசாரிக்கிறார். அடுத்தவர் அந்தரங்கத்தில் நுழைவதே பிழைப்பு, தன் வீட்டுக்குள் ஒருவர் அன்போடு வந்துபோனதோ தாங்கவில்லை. வேவு பார்க்கிறவனின் பயத்தை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. செல்போன் வந்தால் அந்தப் பயம் பழசாகிவிடுமா?

சரி, அந்த டேப்புக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோ யூனியன் சதுக்கத்தில் ஒரு ஜோடி நடந்துகொண்டே பேசுகிறது, முக்கியமான வரி தெருவில் வாசிப்பவர்களின் மேளச் சத்தத்துக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. ஹாரி குமிழைத் திருப்பித் திருப்பி, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்க, குரல் மேலே வருகிறது: வாய்ப்புக் கிடைத்தால் அவன் நம்மைக் கொன்றுவிடுவான். (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியின் மிச்சத்தைத் தாண்டிவிடுங்கள்.) கடைசியில் அதே வரி மறுபடி வருகிறது, அழுத்தம் மட்டும் 'நம்மை' மேல் விழுகிறது, அவ்வளவுதான், பாவம் என்று நாம் பரிதாபப்பட்டவர்கள் யாரென்று புரிந்து தூக்கிவாரிப்போடுகிறது. நடிகர் வேறுவிதமாகச் சொன்ன ஒரு பதிவை எடுத்து அங்கே வைத்தவர் ஒலியையும் எடிட்டிங்கையும் கவனித்த வால்டர் மர்ச். துப்பாக்கியோ துரத்தலோ இல்லாமல், ஒரு அழுத்தத்தை இடம் மாற்றியே கதையைத் தலைகீழாக்குவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும், பார்வையாளரின் காது மேல்!

அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலகவைத்த ஒட்டுக்கேட்பு விவகாரமான வாட்டர்கேட் சமயத்தில் வெளிவந்ததால் அதை வைத்து எடுத்த படம் என்று பலர் நினைத்தார்கள். இயக்குநர் கொப்பலா 1960களிலேயே எழுத ஆரம்பித்துவிட்ட கதை இது. கான் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதும் கிடைத்தது.

இன்னொரு முறை ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அந்த வரி வரும் ஒவ்வொரு இடத்தையும் கவனித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.