வாசகர் கேள்வி – பதில்: சென்னையில் ஒரு ஸ்பிட்ஃபயர்

மயிலாப்பூர் வாசகர்: தாத்தா வைத்திருந்த 1965ஆம் ஆண்டு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் திறந்தவகைக் கார் எங்கள் வீட்டில் ஓடாமல் நிற்கிறது. ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் இங்கிலாந்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும், விற்றுவிடு என்கிறார்கள் உறவினர்கள். வைத்துக்கொள்ளலாமா?

விற்காதீர்கள். 1962இல் லண்டன் கார் கண்காட்சியில் அறிமுகமான ஸ்பிட்ஃபயர், ட்ரையம்ப் ஹெரால்டு காரை அடிப்படையாகக் கொண்டு, அதன் சேஸியை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, குறுக்கி உருவாக்கப்பட்ட வண்டி. அந்த ஹெரால்டைத்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் நம் வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் 1961 முதல் 1971 வரை ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரித்தது. முன்சக்கர சஸ்பென்ஷனும் ஸ்டியரிங் அமைப்பும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; ஆகவே புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் ஹெரால்டு பாகங்களைக் கேட்டுப் பாருங்கள், ஆனால் பழைய பாகத்தைக் கையோடு எடுத்துச் சென்று பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் எதையும் வாங்க வேண்டாம். ஹெரால்டில் கை பழகிய மூத்த மெக்கானிக் ஒருவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். என் கருத்தில் உதிரிபாகத்தைவிட அவர்தான் அரிய சொத்து.

வண்டியை வெளியே எடுக்கும் முன் ஒன்றை மட்டும் கட்டாயம் கவனியுங்கள். முன்சக்கரத்துக்கு உள்பக்கம், கீழே, ‘ட்ரன்னியன்’ என்ற வெண்கல மூட்டு இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் ஒரு எஃகுத் தண்டின் மரை அதற்குள் சுழல்கிறது. அதற்கு விட வேண்டியது 90 எண் கியர் ஆயில், கிரீஸ் அல்ல. கிரீஸ் நாளடைவில் இறுகி மரைக்குள் பரவாமல் நின்றுவிடும், உள்ளே ஈரம் தங்கித் தண்டு துருப்பிடிக்கும், பிறகு திருப்பத்தில் அது முறிந்து சக்கரமே மடங்கிவிடும். பொதுவாக சர்வீஸுக்கு விடும் இடங்களில் பழக்கத்தால் கிரீஸ் அடித்துவிடுவார்கள் என்பதால், அந்த வேலை நடக்கும்போது நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். வண்டியின் நட்டு, போல்ட்டுகள் அங்குல அளவைச் சேர்ந்தவை. மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டித் திருகினால் முனை மழுங்கிவிடும்.

தாம்பரம் வாசகர்: என் ஸ்பிட்ஃபயரின் கதவுகளுக்குக் கீழே உள்ள சில் பகுதி இரண்டு பக்கமும் துருவேறி ஓட்டையாகிவிட்டது. பாடியைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டிவிடலாம் என்கிறார் டிங்கரிங் செய்பவர். சரிதானா?

சரியல்ல; உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஹெரால்டின் சேஸிக்குப் பக்கவாட்டுச் சட்டங்கள் உண்டு, ஆகவே அதில் பழகியவருக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. ஸ்பிட்ஃபயரின் சேஸியோ நடுவில் முதுகெலும்புபோல் ஓடுவது. பக்கவாட்டு வலிமையின் பெரும்பகுதியை இந்தச் சில்கள்தான் தருகின்றன. கூரையும் இல்லாத வண்டி என்பதால், தாங்கல் கொடுக்காமல் வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்து, அதன் பிறகு கதவு மூடவே மூடாது. பாடி சேஸியின் மேலேயே இருக்கட்டும், வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்கட்டும். கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டு செய்து தாங்கல் கொடுத்த பிறகு, ஒரு பக்கத்தை முழுமையாக முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். புதிய தகட்டை முதலில் புள்ளி புள்ளியாக மட்டும் ஒட்டவைத்து, கதவை மாட்டி, இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே முழு வெல்டிங். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் இதில் அவசரப்பட்டால் பிறகு திருத்த வழியில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிவிட்டு வரும் நாளில் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி உலரவிடுவதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி வாசகர்: மதிய வெயிலில் கத்திப்பாரா நெரிசலில் வண்டி அணைந்துவிடுகிறது, கால் மணி நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது. என்ன காரணம்?

இரண்டில் ஒன்று. அணைந்த அந்த நிமிடத்திலேயே ஒரு பிளக்கைக் கழற்றித் தீப்பொறியைப் பாருங்கள். பொறி மங்கலாகவோ விட்டுவிட்டோ வந்தால், சூட்டில் செயலிழக்கும் கண்டென்சர் என்ற சிறு மின்பாகத்தை முதலில் மாற்றுங்கள். பொறி நீலமாக, பலமாக இருந்தால், சூடு ஆறிய பின் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் சிறு கிண்ணமான ஃப்ளோட் சேம்பரைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். அது வற்றியிருந்தால் பெட்ரோல் ஆவியாகிவிட்டது என்று பொருள். இந்த எஞ்சினில் இரண்டு கார்புரேட்டர்களும் சைலன்சர் குழாய் தொடங்கும் பக்கத்திலேயே அமைந்திருப்பதால், இடையில் உள்ள வெப்பத் தடுப்புத் தகடு கட்டாயம் தேவை. பலர் அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். இன்று பெட்ரோல் நிலையங்களில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸையும் வண்டிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் என்ற சவ்வையும் அது அரிக்கும் என்பதால், எத்தனாலைத் தாங்கக்கூடியவையாக அவற்றை மாற்றுவது நல்லது.

அண்ணாநகர் வாசகர்: 50 ஆண்டு கடந்த காரை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்தால் தினமும் ஓட்டலாமா?

முடியாது. 2021இல் வந்த மத்திய அரசின் விதிப்படி ‘வி.ஏ.’ வரிசை எண் பெறும் வண்டியைக் கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவு பெற்ற வண்டி என்றால் பழைய எண்ணையே தக்கவைத்துக்கொள்ளலாம்.