வெக்கைக்க பந்தடிக்கிறவை கேளுங்கோ, சொல்றன்

திருகோணமலை ஏகாம்பரம் கிறவுண்டில பொடியளுக்குப் பந்தடி பழக்குறன். பிரேக்கில உடம்பை எப்பிடி ஆத்துறதெண்டு நிறையப் பேர் கேட்டிருக்கிறீங்கள்.

உப்புவெளித் தம்பி: அண்ணை, பாதி நேரத்தில 10 நிமிசம்தான், என்ன செய்யலாம்?

கையைத் தாழுங்கோ. வாளிக்க தண்ணி, ஐஸ், முழங்கை வரைக்கும் ரெண்டு கையும். உள்ளங்கையில ரத்தம் தோலுக்குக் கிட்ட நிறைய ஓடும், அந்தச் சூட்டைத் தண்ணி வாங்கிடும், காத்தை விட இருவது மடங்குக்கு மேல சூடு கடத்துற சாமான் அது. நிழல்ல இருந்து செய்யுங்கோ, வேப்பமரம் காணும். ஆரும் பேச்சுக் குழம்பி, ஆடித் தள்ளாடினா பிரேக் இல்ல, விளையாட்டே முடிஞ்சுது, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்திக்கொண்டே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

ஒரு தங்கச்சி: கழுத்தில ஐஸ் துவாய் போட்டா?

சுகமா இருக்கும், உள்சூடு பெருசா இறங்காது. குளிர்ந்திட்டன் எண்டு நினைச்சு கூட ஓடுவீங்கள், அதுதான் பயம்.

நிலாவெளிக்காரர்: கச்சான் காத்துக்க, அதுதான் தென்மேற்கால வீசுற காஞ்ச சூட்டுக் காத்துக்க, நிண்டா காணாதோ? வாளி எதுக்கு?

இதுக்கு இன்னொருத்தர், கச்சான் நெருப்பு மாதிரி, சூடுதான் ஏறும் எண்டு சண்டைக்கு வந்திட்டார், ரெண்டு பேரும் இருவது தரம் எழுதிப்போட்டீங்கள். ரெண்டும் சரிதான் ஐயாமாரே. தோல் காய்ஞ்சிருந்து காத்து 35 பாகைக்கு மேல எண்டா காத்துதான் உங்களைச் சூடாக்கும். அதே காத்தில பெனியனை நனைச்சுப் போட்டு நில்லுங்கோ, தண்ணி ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். கச்சான்ல வேர்வை உடன காயிறதால 'எனக்கு வேர்க்கேல்ல' எண்டு தண்ணி குடிக்காம இருக்கிறவனும் இருக்கிறான், அவன்தான் முதல்ல விழுறது. மழைக்கு முந்தின புழுக்கத்தில வேர்வை வழியும், காயாது, அப்பதான் வாளி.

இளநீரா ஐஸ் தண்ணியா? ரெண்டும் குடியுங்கோ.

ஐஸ் தண்ணியில கை வச்சா காய்ச்சல் வருமெண்டு அம்மா சொல்றா. வராது.

ரெஃபரி பிரேக் தருவாரோ? 2014 உலகக் கிண்ணத்தில நெதர்லாந்து–மெக்சிகோ மட்சில 3 நிமிசம் குடுத்தவை. எங்கட ஊர்ல நீங்கள்தான் கேக்கோணும்.

அப்பாக்குப் பிரஷர் குளிசை, கோணேசர் மலை ஏறலாமோ? டொக்டரைக் கேளுங்கோ பிள்ளை.

அண்ணை, கையை எங்க வைக்கிறது?

வாளிக்க. முதல் பதிலை வாசியுங்கோ. பேச்சுக் குழம்பினா 1990, அதையும்.