ஆன்டிகுவன் ரேசர் பாம்பு: கேள்வி பதில்

மீனாட்சி: இது எங்கே வாழ்கிறது? நஞ்சு உண்டா?

கரீபியன் கடலில் ஆன்டிகுவாவை ஒட்டிய சில குறுந்தீவுகளில் மட்டுமே வாழ்கிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை வளரும் இந்தத் தரைப்பாம்பு, பகலில் சருகுகளுக்குள் உடலைப் புதைத்துக் காத்திருந்து, அருகில் வரும் பல்லியைப் பிடித்துத் தின்னும். பெண் சாம்பல் நிறம், ஆண் கரும்பழுப்பு. மனிதருக்குத் தீங்கற்றது.

செந்தில்: கீரி பாம்பைக் கொல்வது இயற்கைதானே? இந்தப் பாம்பு அருகியதற்கு மனிதனை ஏன் பழிக்க வேண்டும்?

நம் நாட்டில் அது இயற்கைதான், ஆன்டிகுவாவில் அல்ல. கரும்புத் தோட்டங்களில் எலிகளை ஒழிப்பதற்காக 1872இல் இந்தியாவிலிருந்து ஜமைக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கீரிகளின் வழித்தோன்றல்கள் பிற தீவுகளுக்கும் பரப்பப்பட்டன. எலி இரவில் திரிவது, கீரியோ பகலில் வேட்டையாடுவது. ஆகவே, கீரியையே கண்டறியாத இந்தப் பகல்நேரப் பாம்பு இரையானது. ஆன்டிகுவாவிலிருந்து அடியோடு மறைந்தும் போனது. கீரி போய்ச் சேராத கிரேட் பேர்ட் தீவில் மட்டும் தப்பியிருந்தது. 1995 வாக்கில் அங்கிருந்தவை ஏறக்குறைய 50 பாம்புகளே.

அருண்: கடித்தால் முதலுதவி என்ன?

மீனாட்சிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

செந்தில்: பாம்பைக் காக்க கிரேட் பேர்ட் தீவில் எலிகளுக்கு நஞ்சு வைத்தது மட்டும் நியாயமா?

நியாயம் என்றே உறுதியாகக் கருதுகிறேன். எலிகளின் வேதனையை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால், உலகெங்கும் பெருகியிருக்கும் கறுப்பெலி அந்தத் தீவுக்கு உரியதன்று. உயிரோடு பிடிபட்ட பாம்புகள் பலவற்றின் வாலில் எலிக்கடியின் காயங்கள் இருந்தன. எலிகள் அகற்றப்பட்ட பின் பாம்புகள் பெருகின. ராபிட், கிரீன், யார்க் தீவுகளிலும் விடப்பட்டு, இன்று ஆயிரத்தைத் தாண்டியிருக்கின்றன. கீரியை மனிதன் கொண்டுவந்ததை மட்டும் ஏற்று, எலியை அகற்றுவதை மறுப்பது பொருந்தாது. ஒரு படகில் ஒளிந்து வரும் எலி இத்தனை உழைப்பையும் வீணாக்கிவிடும்.

தினேஷ்: வளர்ப்பதற்கு வாங்க முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம்.

ரேவதி: எங்கள் வீட்டுத் தோட்டத்தில் சாரை வந்திருக்கிறது.

அடிக்காதீர்கள், வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

பாலா: தீங்கற்றது என்றால் கையில் எடுக்கலாமா? அடுத்த மாதம் கிரேட் பேர்ட் தீவுக்குச் செல்கிறேன்.

எடுக்கக் கூடாது. தீங்கற்றது என்று சொன்னது உங்கள் அச்சம் தீர்வதற்காக, அதைத் துன்புறுத்துவதற்காக அல்ல. பாதையை விட்டு விலகாமல் நடந்தால், வெயில் படும் சருகுகளின் ஓரத்திலேயே அதைக் காண வாய்ப்புண்டு. படகில் எலி இல்லை என்பதைப் படகுக்காரரிடம் உறுதிசெய்துகொண்டு, உணவுப் பைகளை இறக்கும் முன் பிரித்துப் பாருங்கள். சினையான ஓர் எலி கரையேறினாலும், செந்தில் வருந்துகிற அந்த நஞ்சை அங்கே மீண்டும் வைக்க நேரும்.