ஸ்லாம் சொல்லலாமா, நிறுத்தலாமா? பிரிட்ஜ் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே ஸ்லாம் பற்றியவை, அதாவது 12 ட்ரிக் (6-வது லெவல்) அல்லது 13 ட்ரிக்கும் (7-வது லெவல், கிராண்ட் ஸ்லாம்) எடுப்போம் என்று ஏலத்தில் சொல்வது. அதிலும் 4 நோ ட்ரம்ப் (பார்ட்னரிடம் எத்தனை ஏஸ் என்று கேட்கும் பிளாக்வுட் முறை) சொல்லி அடிபட்ட கதைகள்தான் அதிகம். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் 1 ஸ்பேடு சொல்ல, பார்ட்னர் 3 ஸ்பேடுக்கு உயர்த்தினார். என் கையில் 20 புள்ளி (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1). 4 நோ ட்ரம்ப் சொன்னதில் ஒரே ஒரு ஏஸ்தான் குறைகிறது என்று தெரிந்தது. தைரியமாக 6 ஸ்பேடு போனேன். கிளப் ஏஸ், கிளப் கிங் இரண்டும் முதல் இரண்டு ட்ரிக்கிலேயே போய்விட்டன. நான் செய்ததில் என்ன தவறு?

உங்கள் கையை முதலில் பார்ப்போம். ஸ்பேடு ஏஸ், குயின், ஜாக், 7, 4. ஹார்ட் கிங், குயின், ஜாக், 3. டைமண்ட் ஏஸ், கிங். கிளப் 8, 5. அருமையான கை, ஸ்லாம் ஆசை வந்ததில் தப்பே இல்லை. ஆனால் கிளப்பில் இரண்டு சின்னச் சீட்டு வைத்துக்கொண்டு பிளாக்வுட் கேட்டீர்கள். அங்கேதான் தவறு. எத்தனை ஏஸ் என்று பதில் வரும். கிளப்பை யார் பார்த்துக்கொள்வது என்று பதில் வராது.

பார்ட்னர் கையில் இருந்தவை: ஸ்பேடு கிங், 10, 8, 5. ஹார்ட் ஏஸ், 7, 2. டைமண்ட் 9, 6, 4. கிளப் குயின், ஜாக், 3. ஐந்து கீகார்டில், அதாவது நான்கு ஏஸும் துருப்புக் கிங்கும் சேர்ந்ததில், நான்கு உங்கள் பக்கம். கணக்கு சரிதான், காண்ட்ராக்ட் மட்டும் தப்பு.

இந்தக் கைக்குச் சரியான வழி கியூ பிட், அதாவது ஒரு சூட்டில் கண்ட்ரோல் உண்டு என்று காட்டும் ஏலம். 3 ஸ்பேடுக்குப் பிறகு 4 டைமண்ட் சொல்லுங்கள். “டைமண்டில் கண்ட்ரோல் உண்டு, கிளப்பைத் தாண்டி வந்ததால் கிளப்பில் இல்லை” என்பது அதன் பொருள். கண்ட்ரோல் என்றால் ஏஸ், கிங், ஒற்றைச் சீட்டு, அல்லது அந்த சூட்டில் சீட்டே இல்லாமை. இப்போது பார்ட்னருக்கு ஹார்ட் ஏஸ் இருந்தாலும் 4 ஹார்ட் சொல்லக் கூடாது. ஏனென்றால் இந்த இடத்தில் 4 ஸ்பேடைத் தாண்டாமல் இன்னொரு கியூ பிட் கொடுப்பது “கிளப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்ற உறுதியையும் சேர்த்துத் தருகிறது. அவர் கையில் அது இல்லை. 4 ஸ்பேடு சொல்லி நிறுத்துவார். நீங்களும் பாஸ். 11 ட்ரிக் எடுத்து நிம்மதியாக எழுதிக்கொள்ளலாம்.

அதே பார்ட்னருக்கு வேறு கை கொடுத்துப் பாருங்கள். ஸ்பேடு கிங், 10, 8, 5. ஹார்ட் ஏஸ், 9, 7, 2. டைமண்ட் 9, 6, 4, 2. கிளப்பில் ஒற்றை 6. முன்பு 10 புள்ளி, இப்போது வெறும் 7 புள்ளி. ஒற்றைச் சீட்டுக்கும் மதிப்புப் போட்டால் இதுவும் 3 ஸ்பேடு சொல்லும் கைதான். உங்கள் 4 டைமண்டுக்கு இவர் 4 ஹார்ட் சொல்வார். கிளப் பிரச்சினை தீர்ந்தது. இப்போது 4 நோ ட்ரம்ப் கேளுங்கள், இரண்டு கீகார்டு என்று 5 ஹார்ட் வரும், 6 ஸ்பேடு சொல்லுங்கள். ஐந்து ஸ்பேடு, நான்கு ஹார்ட், இரண்டு டைமண்ட், டம்மியில் (மேசையில் விரித்து வைக்கும் பார்ட்னர் கையில்) ஒரு கிளப்பைத் துருப்பால் வெட்டுவது, ஆக 12. மூன்று புள்ளி குறைந்த கையில் ஸ்லாம் வருகிறது, கூடிய கையில் வரவில்லை. ஸ்லாம் ஏலத்தின் உயிர் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஏஸ் எண்ணிக்கை போதாது.

இண்டியானாபோலிஸைச் சேர்ந்த ஈஸ்லி பிளாக்வுட் 1933-ல் இந்த முறையை அமைத்தது, இரண்டு ஏஸ் இல்லாமல் ஸ்லாமில் போய் விழுவதைத் தடுக்கத்தான். ஸ்லாமுக்குத் தேவையான ட்ரிக்கும் கண்ட்ரோலும் இருக்கின்றன என்று முன்பே தெரிந்த பிறகு, கடைசிச் சரிபார்ப்பாக அதை வையுங்கள்.

கேள்வி: துருப்பு கிளப். என்னிடம் இரண்டு கீகார்டு. 4 நோ ட்ரம்ப் கேட்டேன், பார்ட்னர் 5 டைமண்ட் சொல்லி ஒன்று காட்டினார். இரண்டு குறைகிறது, ஆனால் 5 கிளப்பைத் தாண்டியாகிவிட்டது. என்ன செய்திருக்கலாம்?

கேட்காமல் இருந்திருக்கலாம். 4 நோ ட்ரம்ப் சொல்லும் முன் வரக்கூடிய ஒவ்வொரு பதிலையும் மனதில் ஓட்டிப் பாருங்கள்: இது வந்தால் எங்கே நிற்பேன், அது வந்தால் எங்கே நிற்பேன்? ஏதாவது ஒரு பதிலுக்கு நிற்க இடமில்லை என்றால் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. ஸ்பேடு துருப்பாக இருந்தால் இடம் தாராளம். ஹார்ட்டில் கொஞ்சம் இறுக்கம். டைமண்டிலும் கிளப்பிலும் மூச்சே விட முடியாது.

அடிக்கடி மைனர் சூட்டில் (கிளப், டைமண்ட்) ஸ்லாம் தேடுகிறவர்கள், கேம் (4 ஸ்பேடு, 5 கிளப் போலப் போனஸ் தரும் லெவல்) வரை போவது உறுதியான ஏலத்தில் 4 கிளப் அல்லது 4 டைமண்டையே கீகார்டு கேள்வியாக வைத்துக்கொள்ளலாம். இதற்கு மைனர்வுட் என்று பெயர். துருப்பு கிளப் என்றால் 4 டைமண்டிலிருந்து 4 நோ ட்ரம்ப் வரை நான்கு பதிலும் 5 கிளப்புக்குக் கீழேயே அடங்கிவிடும். எந்தெந்த ஏலத்தில் இது பொருந்தும் என்று பார்ட்னரோடு எழுதி வைத்துக்கொள்ளாமல் ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: 4 நோ ட்ரம்ப்புக்கு வரும் 5 கிளப் பதிலுக்கு “0 அல்லது 3 கீகார்டு” என்ற பொருள் நல்லதா, “1 அல்லது 4” நல்லதா?

இரண்டாவது முறைக்கு 1430 என்று பெயர். வல்னரபிளாக (போனஸும் அபராதமும் கூடும் நிலையில்) 6 ஸ்பேடோ 6 ஹார்ட்டோ சொல்லி எடுத்தால் கிடைப்பதும் 1430 தான்: ட்ரிக்குக்கு 180, கேமுக்கு 500, ஸ்லாமுக்கு 750. இந்த முறையில் ஒரு லாபம் உண்டு. ஒரு கீகார்டு என்ற பதில் அடிக்கடி வரும். அது 5 கிளப்பாக இருந்தால், ஹார்ட் துருப்பாக இருக்கும்போது 5 டைமண்ட் சொல்லித் துருப்பு குயின் இருக்கிறதா என்று கேட்க இடம் மிஞ்சும். லாபம் சிறியது. இருவரும் ஒரே முறையை ஆடுவது அதைவிட நூறு மடங்கு முக்கியம்.

கேள்வி: நான் 15 புள்ளியில் 1 நோ ட்ரம்ப் திறந்தேன். பார்ட்னர் நேராக 4 நோ ட்ரம்ப். நான் பாஸ் சொன்னேன். “ஏஸ் கேட்டால் பதில் சொல்ல மாட்டீர்களா?” என்று கோபித்துக்கொண்டார்.

நீங்கள் செய்ததே சரி. 1 நோ ட்ரம்ப்புக்கு நேர் மேலே வரும் 4 நோ ட்ரம்ப் பிளாக்வுட் ஆகாது. “உங்கள் 15-17 எல்லையில் மேல் பக்கம் இருந்தால் 6 நோ ட்ரம்ப், கீழ்ப் பக்கம் இருந்தால் பாஸ்” என்ற அழைப்பு அது. ஏஸ்தான் வேண்டும் என்றால் 4 கிளப், அதாவது கெர்பர்.

இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்த கைகள் என்றால் 6 நோ ட்ரம்ப்புக்கு 33 புள்ளி, 7-க்கு 37 என்று சொல்வார்கள். 33 இருந்தால் எதிரணிக்கு 7 புள்ளிதான், இரண்டு ஏஸ் இருக்க முடியாது. 37 இருந்தால் 3 புள்ளி, ஒரு ஏஸ்கூட இருக்க முடியாது. ஆனால் அந்த 7 புள்ளி ஒரே சூட்டின் ஏஸும் கிங்குமாக இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: ஹார்ட் துருப்பு, டைமண்டில் எனக்கு சீட்டே இல்லை. 4 நோ ட்ரம்ப் கேட்டேன், பார்ட்னர் ஒரு ஏஸ் காட்டினார். அது எந்த ஏஸ் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தெரிந்துகொள்ள முடியாது, அதனால்தான் வாய்டு இருக்கும் கையில் பிளாக்வுட் கேட்பதில்லை. அது டைமண்ட் ஏஸாக இருந்தால் உங்களுக்கு ஏறக்குறைய பயனே இல்லை. கியூ பிட்டில் போங்கள், எந்த ஏஸ் எங்கே என்று அதுவே சொல்லிவிடும். 5-வது லெவலுக்குத் தாவி “இந்த சூட்டை விட்டுவிட்டு எண்ணு” என்று கேட்கும் எக்ஸ்க்ளூஷன் முறையும் உண்டு. புதிய ஜோடிகளுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒருவர் மறந்தால் போதும், சீட்டே இல்லாத சூட்டில் 5-வது லெவலில் ஆட வேண்டி வரும்.

குறைவான சூட்டைக் காட்ட இதைவிட நல்ல கருவி ஸ்ப்ளின்டர். டோரதி ஹேடன் ட்ரஸ்காட்டும் டேவிட் கிளிஃபும் 1960-களில் தனித்தனியாகக் கொண்டுவந்தது. நீங்கள் 1 ஹார்ட் சொல்ல, பார்ட்னர் 4 கிளப் என்று தாவினால்: ஹார்ட்டில் நல்ல ஆதரவு, கேமுக்குப் போதுமான பலம், கிளப்பில் ஒன்று அல்லது பூஜ்யம். உடனே உங்கள் கிளப்பைப் பாருங்கள். கிங், குயின், 4 இருக்கிறதா? ஐந்து புள்ளி வீண், 4 ஹார்ட் சொல்லி நிறுத்துங்கள். 7, 5, 3 இருக்கிறதா? உங்கள் புள்ளி முழுவதும் மற்ற மூன்று சூட்டில் வேலை செய்கிறது. கட்டில் 40 புள்ளி இருந்தாலும் உங்கள் ஆட்டம் மீதி 30 புள்ளியில்தான் நடக்கிறது. அந்த முப்பதில் உங்கள் இருவருக்கும் 25 இருந்தாலே ஸ்லாம் வாசனை அடிக்க ஆரம்பித்துவிடும். கிளப்பில் ஏஸும் இரண்டு சின்னச் சீட்டும் இருந்தாலும் நல்லதே. கண்ணுக்கு அழகான கிங், குயின்தான் இங்கே ஆகாது.

கேள்வி: பார்ட்னர் 4 நோ ட்ரம்ப் கேட்டார், நான் ஒரு ஏஸ் காட்டினேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு 5 ஸ்பேடு சொன்னார். எனக்குத் துருப்பு குயினும் கூடுதல் பலமும் இருந்ததால் 6 சொன்னேன். ஸ்லாம் வந்தது. எதிரணி டைரக்டரைக் கூப்பிட்டு ஸ்கோரை மாற்ற வைத்துவிட்டார்கள். இது நியாயமா?

நியாயம்தான். பார்ட்னர் தயங்கியதே “கிட்டத்தட்ட போதும்” என்று உங்களுக்குச் சொல்லிவிட்டது. அது ஏலத்தில் வந்த தகவல் ஆகாது. சட்டத்தின் 16-வது பிரிவு அதைப் பயன்படுத்தத் தடை விதிக்கிறது. தவிர, பிளாக்வுட் கேட்டவர்தான் தலைவர். அவர் நிறுத்தினால் பதில் சொன்னவர் தொடரக் கூடாது. ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பதில் “0 அல்லது 3” என்ற மாதிரி இரட்டைப் பொருள் உள்ளதாக இருந்து, அவர் 0 என்று நினைத்து நிறுத்தும்போது உங்களிடம் 3 இருந்தால், தயக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் மேலே போக வேண்டும்.

பெரிய போட்டிகளில் இந்தச் சிக்கலைக் குறைக்கவே மேசைக்குக் குறுக்கே திரை வைக்கிறார்கள். ஏலத் தட்டு திரைக்கு அடியில் போய்வரும். தட்டு தாமதமாக வந்தால், யோசித்தது பார்ட்னரா, அவர் பக்கத்தில் இருக்கும் எதிராளியா என்று உறுதியாகத் தெரியாது. 2015-ல் சென்னையில் உலக அணி சாம்பியன்ஷிப் நடந்து போலந்து பெர்முடா பௌல் வென்றபோது நேரில் போனவர்களுக்கு இந்த ஏற்பாடு நினைவிருக்கும். கிளப் ஆட்டத்தில் திரை கிடையாது. அங்கே நம் மனசாட்சிதான் திரை.

கேள்வி: எப்போது கிராண்ட் ஸ்லாம் சொல்லலாம்?

அணிப் போட்டி (அதே சீட்டுகளை இன்னொரு மேசையிலும் ஆடுவார்கள்), வல்னரபிள், ஸ்பேடு துருப்பு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 6 ஸ்பேடு எடுத்தால் 1430. 7 ஸ்பேடு எடுத்தால் 2210. 7 சொல்லி ஒன்று குறைந்தால் 100 போய்விடும்.

சிறிய ஸ்லாமுக்குப் பாதி வாய்ப்பு போதும். 12 ட்ரிக் வரும் கையில் ஸ்லாம் சொன்னவருக்கு 1430, கேமில் நின்றவருக்கு 680, வித்தியாசம் 750. 11-தான் வந்தால் ஸ்லாம் சொன்னவருக்கு 100 நஷ்டம், கேமில் நின்றவருக்கு 650, அதே 750. ஆகவே ஒரே ஒரு ஃபினெஸ் (எதிராளியின் பெரிய சீட்டு நமக்கு வசதியான பக்கம் இருக்கும் என்று ஆடும் பாதிக்குப் பாதி வாய்ப்பு) நம்பி 6 சொல்வதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

கிராண்ட் ஸ்லாமில் கதை மாறுகிறது. எதிர் மேசையில் 6 சொல்லியிருந்தால், 13 ட்ரிக் வரும் கையில் அவர்களுக்கு 1460; 7 எடுத்து நீங்கள் 750 கூடுதல் பெறுவீர்கள், அதாவது 13 இம்ப் (ஸ்கோர் வித்தியாசத்தை மாற்றித் தரும் அணிப் போட்டி மதிப்பெண்). தோற்றால் 1530 போகும், 17 இம்ப். 17-ஐ 30-ஆல் வகுத்தால் 57 சதவீத வாய்ப்பு போதும் என்று காகிதத்தில் வரும். ஆனால் எதிர் மேசை கேமிலேயே நின்றிருந்தால்? நீங்கள் 6 சொல்லியிருந்தாலே 13 இம்ப் உங்களுக்கு. 7 எடுத்தால் 17. 7 தோற்றால் 13 இம்ப் அவர்களுக்கு. நான்கு இம்ப் ஆசைக்காக 26-ஐப் பணயம் வைக்கிறீர்கள். சாதாரண கிளப் போட்டியில் எதிர் மேசை எல்லா ஸ்லாமையும் கண்டுபிடிக்கும் என்று நம்ப முடியாது. அதனால் என் யோசனை இதுதான்: ஒரு ஃபினெஸை நம்பி 7 சொல்லவே சொல்லாதீர்கள். வெளியே ஐந்து சீட்டு இருக்கும் சூட் 3-2 ஆகப் பிரிய 68 சதவீத வாய்ப்பு. அது மட்டுமே தேவை, எதிர் மேசையும் வலுவான ஜோடி என்றால் சொல்லலாம். மற்றபடி 13 ட்ரிக்கையும் விரல்விட்டு எண்ண முடிந்தால் மட்டும் சொல்லுங்கள்.

எண்ணுவதற்கு உதவுவது 5 நோ ட்ரம்ப். கீகார்டு பதிலுக்குப் பிறகு அதைச் சொன்னால், கிங் கேட்பதோடு “ஐந்து கீகார்டும் நம்மிடம்தான்” என்று உறுதியும் தருகிறீர்கள். பார்ட்னர் கையில் கிங், குயின், ஜாக்கோடு ஓடும் நீளமான சூட் இருந்தால், கிங் கணக்குச் சொல்லாமல் அவரே 7-க்குப் போகலாம். ஒரு கீகார்டு குறையும்போது சும்மா தெரிந்துகொள்வோமே என்று 5 நோ ட்ரம்ப் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு ஆடும் பார்ட்னர் 7-க்குப் போனால் பார்ட்னரைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி: எதிரணி 6 ஹார்ட் சொன்னது. என் பார்ட்னர் டபிள் (பந்தயத்தைக் கூட்டும் ஏலம்). நாங்கள் ஏலத்தில் ஸ்பேடு சொல்லியிருந்ததால் ஸ்பேடு லீட் செய்தேன் (முதல் சீட்டாக இறக்கினேன்), அவர்கள் எடுத்துவிட்டார்கள். பார்ட்னர் எதற்கு டபிள் செய்தார்?

ஸ்பேடு வேண்டாம் என்று சொல்லத்தான். தியடோர் லைட்னர் 1929-ல் கொண்டுவந்த டபிள் இது. எதிரணி தானாக விரும்பிச் சொன்ன ஸ்லாமை லீட் செய்யாதவர் டபிள் செய்தால், வழக்கமாக வரக்கூடிய லீட் வேண்டாம் என்று பொருள். துருப்பும் வேண்டாம், நம் பக்கம் சொன்ன சூட்டும் வேண்டாம். பெரும்பாலும் அவர் கையில் ஒரு சூட் இருக்காது, முதல் ட்ரிக்கையே வெட்டக் காத்திருப்பார். அது எந்த சூட் என்று உங்கள் கையே காட்டிக்கொடுக்கும்: உங்களிடம் எதில் நீளம் அதிகமோ அங்கேதான் அவரிடம் இருக்காது. அப்படித் தெளிவாகத் தெரியாவிட்டால் டம்மி முதலில் சொன்ன சூட்டை லீட் செய்யுங்கள்.